சீலனுக்குச் செய்த இருபது தோட்டாக்கள்

ஆகஸ்ட் 9. 31 பாகை. மேல்காற்று, பலமாக.

இவ்வளவு நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும். எங்கள் வேட்டைக் கிளப்பின் செய்தி மடலுக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். முழுப் பெயர், பட்டம், உறுப்பினர் எண் எல்லாம் போட்டு.

இது தோட்டா செய்யும்போது குறிப்பு எழுதுகிற கொப்பி. திகதி, வெப்பநிலை, எந்த டின் வெடிமருந்து, எத்தனை யார் தூரத்தில் வெடிகள் எத்தனை அங்குலத்துக்குள் விழுந்தன. வேறு எதுவும் இதில் எழுதுவதில்லை என்று எட்டு வருடமாக ஒரு விதி வைத்திருந்தேன். இன்று முறிக்கிறேன். ஊரில் எல்லாரும் முறிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். சென்ற நவம்பரில், என்னோடு வேட்டைக்கு வருகிற மரியசீலன் ஒரு கலைமானை முந்நூற்றெண்பது யார் தூரத்திலிருந்து ஒரே வெடியில் விழுத்தினார். கிளப்பின் இருபது வருடத்தில் அதுதான் மிகப் பெரிய கொம்பு. பெப்ரவரி விருந்தில் கேடயம் கொடுத்தார்கள், சுவரில் படம் மாட்டினார்கள். செய்தி மடலில் படத்துக்குக் கீழே அவர் சொன்னதாக ஒரு வரி: "தோட்டா நானே செய்தது."

நானே செய்தது!

சீலனுக்கு மருந்துத் தராசை எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்றுகூடத் தெரியாது. அவருடைய மாக்னம் றைபிள் கடைத் தோட்டாவில் நூறு யாருக்கு இரண்டு அங்குலம் பரப்பி அடித்தது. நான்தான் அதை அரை அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கோடை போயிற்று. வெடித்து முடிந்த பித்தளைக் கோதுகளை நிறுத்து ஒரே எடையுள்ளவற்றைப் பொறுக்கினேன். கழுத்துகளை ஒரே நீளத்துக்கு வெட்டினேன். மருந்தை ஒவ்வொரு கோதுக்கும் தனித்தனியாகத் தராசில் நிறுத்தேன். சன்னம், அதாவது குண்டு, கோதுக்குள் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்பதை மயிரிழை மயிரிழையாக மாற்றி, முந்நூறுக்கு மேல் சுட்டு, மருந்து இவ்வளவு, ஆழம் இவ்வளவு என்று ஒரு இலக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த மானை விழுத்தியது அந்த இலக்கம்தான். சீலன் செய்தது விசையை அழுத்தியது.

பேராதனையில் இரசாயனச் சிறப்புப் பட்டம் முடித்தவன் நான். என் முதல் ஆய்வுக் கட்டுரையில் வேறொருவருடைய பெயர் முன்னால் வந்தது. அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இங்கே, கல்கரியிலிருந்து தூரத்துச் சிறு நகரத்தில், சீனித் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் பீட் கிழங்குச் சாற்றைச் சோதித்துக்கொண்டு பத்தொன்பது வருடம். எனக்கு மேலே இருக்கிற பெடியனுக்கு இருபத்தொன்பது வயது. அங்கேயும் மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10. 29 பாகை.

கடிதத்தின் முதல் வரி எழுதினேன். காற்று ஓயவில்லை.

ஆகஸ்ட் 24. 27 பாகை.

சீலனும் மனைவி ஜசிந்தாவும் வந்தார்கள். ஒரு வாளி தக்காளி. இந்த நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் இரண்டுதான், ஒன்று நாங்கள், மற்றது அவர்கள். ஆகையால் வருகைக்குக் காரணம் தேவையில்லை.

சீலன் நேரே கராஜுக்கு வந்தார். எனக்கு மூன்று வயது இளையவர். ட்ரெயிலர் செய்கிற இடத்தில் வெல்டர். நான் ஒருகாலத்தில் ரியூஷன் கொடுத்தேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"மாஸ்டர், உது கராஜோ, ஒப்பறேசன் தியேட்டரோ? செருப்பைக் கழட்டிப்போட்டு வரட்டே?"

"சும்மா வாரும்."

"இந்த முறையும் குலுக்கலில எனக்கு மான் சுடுற சீட்டு விழுந்திட்டுது. போன முறை மாதிரி ஒரு இருபது செய்து தருவியளோ?"

"நீரே செய்யலாமே, சீலன்."

சிரித்தார். "நானோ? நான் செய்த தோட்டாவெண்டால் மான் கிட்ட வந்து குனிஞ்சு பாத்திட்டுப் போகும்." பிறகு குரலைத் தணித்தார். "அந்த மடல் விசயம், மாஸ்டர். உங்களோட ஒருக்கா கதைக்கவேணும் எண்டு..."

என் மனைவி மனோகரி தேநீரோடு வந்தாள். நான் தக்காளியைப் பற்றிக் கேட்டேன். எந்த இனம், எப்போது நட்டது என்று. நன்றாகவே கேட்டேன். அவர்கள் போகும்வரை தக்காளிதான்.

செப்டம்பர் 7. 18 பாகை.

கடிதத்துக்காகக் கிளப்பின் விதிப் புத்தகத்தை முழுவதும் வாசித்தேன். என்னைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள். விதி 14: உறுப்பினர் கடைத் தோட்டாவையோ தானே செய்த தோட்டாவையோ மட்டும் பாவிக்கலாம், வேறொருவர் செய்து கொடுத்ததைப் பாவித்தால் இருவரும் நீக்கப்படுவர். காப்புறுதிக்காரர் கேட்டுச் சேர்த்த விதியாம். நான் எழுதுகிற விஷயத்துக்கு இது சம்பந்தமில்லாததால் கடிதத்தில் குறிப்பிடவில்லை.

செப்டம்பர் 21. 12 பாகை.

பழைய டின்னில் மருந்து முடிகிறது. நிறுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு தோட்டாவுக்குப் போதும். புதிய டின் வாங்கிவந்தேன். அதே கம்பனி, அதே பெயர், தொகுதி எண் வேறு. தொகுதி மாறினால் எரிகிற வேகமும் சற்று மாறும். ஆகவே பழைய இலக்கத்தை நம்பக்கூடாது, முதலிலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டும். இது பாலபாடம். இந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய டின்னிலிருந்து எனக்கு இருபது செய்தேன். மூன்று மாலைகள் எடுத்தன. என் றைபிளும் சீலனுடையதும் ஒரே அளவுதான். நான் சொல்லித்தான் அவர் அதை வாங்கினார். ஆனால் அவருடையதுதான் நேராகச் சுடுகிறது. சிலருக்கு அப்படி அமைகிறது.

ஒக்டோபர் 12. மறை 4, பூச்சியத்துக்குக் கீழே.

என்னுடையதைக் குளிரில் சோதித்தேன். மருந்து கோடையில் ஒன்று சொல்லும், குளிரில் வேறொன்று சொல்லும். நூறு யாரில் முக்கால் அங்குலம். திருப்தி.

சீலனுடையதைத் தொடங்க நேரம் கிடைக்கவில்லை. பிற்பகல் கூரைப் பீலிகளில் இலை அள்ளினேன். பிறகு ஹொக்கி பார்த்தேன்.

ஒக்டோபர் 26. 2 பாகை.

சீலனுடைய இருபதும் முடிந்தது. புதிய டின். பழைய இலக்கம். எடை பிரிக்காத கலவைக் கோதுகள் கிடக்கிற வாளியிலிருந்து எடுத்தேன், எல்லாம் நல்ல கோதுகள்தான். மருந்தைக் கரண்டியால் அள்ளிப் போட்டேன். கம்பனிகளிலும் ஒவ்வொன்றாக நிறுப்பதில்லை. அபாயம் எதுவும் இல்லை. பாதுகாப்பு எல்லைக்கு வெகு கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மனோகரி உடுப்புக் காயப்போடக் கராஜுக்கு வந்தாள்.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதோ? இப்பதானே கதவு திறந்தனீங்கள்."

"பழகினால் கெதியா வரும்."

இருபத்தைந்து நிமிடம்.

ஒக்டோபர் 27. 1 பாகை.

பெட்டியைக் கொடுத்தேன். சீலன் மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகைக்கடையில் பார்ப்பதுபோல.

"சுட்டுப் பாத்தனீங்களோ, மாஸ்டர்?"

"போன வருசத்து அளவுதான்."

"அப்ப காணும். நீங்கள் தந்தால் நான் ஏன் சோதிப்பான்? ஒண்டைச் சுட்டு வீணாக்கவும் மனம் வராது."

போன வருட அளவுதான். அது உண்மை.

நவம்பர் 5.

கடிதம் மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டது.

நவம்பர் 15. மறை 17. காற்று குறைவு.

காலை ஏழரைக்கு ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் படுத்தோம். சீலன் றைபிளை முதுகுப்பையின்மேல் வைத்திருந்தார். நான் இடப்பக்கம், தொலைநோக்கியோடு. எதிர்ச் சரிவில் நாலு மான்கள் முட்செடிகளை மேய்ந்துகொண்டு வந்தன. இங்கத்தைய கழுதைக்காது மான்கள். ஒன்றுதான் ஆண், கொம்பு நடுத்தரம்.

"பெரிசு ஒண்டுக்குப் பாத்திருப்பமோ?" என்றேன்.

"வேண்டாம் மாஸ்டர். சுவரிலை தொங்குறது ஒண்டு காணும். இது இறைச்சிக்கு. பாதி உங்களுக்கு."

தூரம் முந்நூற்றிருபது. மான் பக்கவாட்டில் நின்றது. அசையவில்லை. சீலன் மூச்சை வெளியே விட்டு, நிறுத்தி, சுட்டார்.

மான் விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு இரண்டடி வைத்தது. அப்படிக் கூனினால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். குடலில் பட்டிருக்கிறது. இரண்டாவது வெடி முதுகுக்கு மேலே பனியைக் கிளப்பியது. மூன்றாவது கால்களுக்கு முன்னால், கீழே. மான் பள்ளத்துக்குள் இறங்கி மறைந்தது.

ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தேடப்போனோம். பனியில் இரத்தம் குறைவு, பச்சை நிறமாகக் குடற்சாறு. படுத்த இடம் ஒன்று, எழுந்து போன தடம், மறுபடி படுத்த இடம். நாலரைக்கு வெளிச்சம் போயிற்று. தடமும் போயிற்று.

ட்ரக்குக்குப் பக்கத்தில் சீலன் கையுறைகளைக் கழற்றினார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், என்ரை கை ஆடினதெல்லோ?"

நான் தொலைநோக்கியை உறைக்குள் வைத்தேன்.

"நீங்கள் பக்கத்திலதானே படுத்திருந்தனீங்கள். பாத்திருப்பியள். மறைக்காமல் சொல்லுங்கோ. அப்பாவுக்கும் இந்த வயசிலதான் துவங்கினது. முதல் கோப்பை பிடிக்கேலாமல் போச்சு. பிறகு சட்டைப் பொத்தான். கடைசியில அம்மாதான் சோறு தீத்தினவ."

"ஓம்," என்றேன். "கொஞ்சம் ஆடினது."

மறை பதினேழில் யாருடைய கையும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நான் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நவம்பர் 16. மறை 19.

சீலன் விடியத் தனியாகப் போய்த் தேடியிருக்கிறார். கண்டுபிடித்தாராம். கயோட்டி நரிகள் முந்திவிட்டன. மிச்சத்தில் தன் சீட்டைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒரு சீட்டுக்கு ஒரு மான்தான், இனி இந்த வருடம் அவருக்கு மான் இல்லை. கட்டாமல் வந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

நவம்பர் 22. மறை 11.

நான் ஒரு மான் சுட்டேன். இருநூற்றறுபது யார். நின்ற இடத்திலேயே விழுந்தது. சீலன் வீட்டுக்கு ஒரு தொடை கொடுத்தனுப்பினேன்.

நவம்பர் 30. மறை 8.

ஜசிந்தா தொலைபேசியில் அழுதாள். மனோகரி ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள், நானும் கேட்க வேண்டும் என்று.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ. எந்த நேரமும் கையையே பாத்துக்கொண்டிருக்கிறார். ட்ரக் ஓடுறதை விட்டிட்டார், நான்தான் வேலைக்குக் கொண்டுபோய் விடுறன். போர்மனிட்டைச் சொல்லி வெல்டிங்கிலை இருந்து ஸ்டோருக்கு மாறிட்டார். டொக்டர் இப்ப ஒண்டும் தெரியேல்லை எண்டுதான் சொல்லுறார். நரம்பு டொக்டரைப் பாக்க மே மாசம்தான் நாள் தந்திருக்கு. அதுக்குள்ள இவர் வேலையை விட்டுப்போடுவார் போலக் கிடக்கு."

"டொக்டரே ஒண்டுமில்லை எண்டால் பிறகென்ன?" என்றேன்.

"டொக்டருக்குத் தெரியாது, மாஸ்டர் கண்ணாலை கண்டவர் எண்டு சொல்லுறார், அண்ணை."

டிசம்பர் 14. மறை 22.

சீலன் வந்தார். நடந்தே, றைபிளை உறையோடு தோளில் போட்டுக்கொண்டு. மூன்று தெரு. உரிமையை என் பெயருக்கு மாற்றுகிற பத்திரத்தையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"ஆடுற கையில துவக்கு இருக்கக்கூடாது, மாஸ்டர். இது உங்கட தோட்டாவுக்கெண்டே பிறந்த துவக்கு. உங்களிட்ட இருக்கிறதுதான் சரி."

"விலை என்ன?"

"விலையோ! போங்கோ."

பெட்டியையும் வைத்தார். "பதினேழு கிடக்கு. மூண்டைத்தான் பாழாக்கினன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கஷ்டப்பட்டுச் செய்ததை."

ஜனவரி முப்பத்தொன்றோடு தன் ட்ரெயிலர் தொழிற்சாலையில் முன்கூட்டியே ஓய்வு பெறுகிற பத்திரத்தில் கையெழுத்து வைக்கப்போகிறாராம். வைத்தால் திரும்பிப் போக முடியாது. அவருக்கு ஐம்பத்தொரு வயது.

மனோகரி கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கோப்பை ஆடவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜனவரி 11. மறை 15. காற்று இல்லை.

சுடுதளத்தில் நான் மட்டும். சீலனுடைய றைபிள். நூறு யார்.

முதலில் பழைய டின்னில் செய்த என்னுடைய மூன்று. மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு தபால் முத்திரையால் மூடிவிடலாம். இத்தனை வருடத்தில் நான் சுட்டவற்றில் மிகச் சிறந்தது.

பிறகு பெட்டியிலிருந்து சீலனுடைய மூன்று. நாலரை அங்குலம்.

குழல் சூடாகியிருக்கும் என்று ஆறவிட்டு, மறுபடி மூன்று. நாலே கால்.

நூறு யாரில் நாலரை என்றால் முந்நூற்றிருபதில் பதினாலு அங்குலம். மானின் நெஞ்சுக்கும் குடலுக்கும் இடையே அவ்வளவு தூரம் இல்லை.

ஜனவரி 12. மறை 15.

மறுபடி போனேன். மிச்சம் பதினொன்றையும் சுட்டேன், எல்லாம் சிதறின. றைபிளில் பிழை இல்லை.

ஜனவரி 18. மறை 9.

சந்தா கட்டக் கிளப்புக்குப் போனேன். செயலாளர் லொய்ட் தனியாக இருந்தார். கடிதம் சட்டைப் பையில். நாலு பக்கம், சுத்தமாகத் தட்டச்சு செய்தது. கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

"உன் நண்பனுக்குக் கையில் ஏதோ வருத்தமாமே? நல்ல மனிதன்," என்றார். "போன வருட விருந்தில் உன்னைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான், தெரியுமா? தோட்டா முழுக்க உன் வேலையாம், நீ பெரிய விஞ்ஞானியாம், கேடயத்தை உனக்கே கொடுக்க வேண்டுமாம். நான்தான் நிறுத்தினேன். அதை மடலில் போட்டால் விதி 14இன்படி முதலில் உன்னை வெளியே அனுப்ப வேண்டும், அவனையும் அனுப்ப வேண்டும். யோசித்துப் பார்த்தான். 'அப்படியென்றால் நானே செய்தேன் என்று போடு, அவருக்கு ஒன்றும் வரக்கூடாது' என்றான். முகம் விழுந்துபோய்விட்டது. உன்னிடம் தானே வந்து சொல்வதாகச் சொன்னான். சொன்னானா?"

"சொன்னார்," என்றேன். தக்காளி என்று சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியைப் பின்னால் புரட்டினேன். செப்டம்பர் 7. விதி 14 அங்கே இருக்கிறது. என் கையால் எழுதியது. எனக்குச் சம்பந்தமில்லை என்றும் எழுதியிருக்கிறேன். ஒக்டோபர் 26ஐயும் பார்த்தேன். நல்ல ஆய்வுக் குறிப்பு. எதையும் விடவில்லை. யார் வாசித்தாலும் என்ன நடந்தது என்று விளங்கும். எழுதியவனுக்குத்தான் மூன்று மாதம் எடுத்திருக்கிறது.

மூன்று மாதம் எடுக்கவில்லை. கரண்டியைக் கையில் எடுத்தபோதே தெரியும்.

ஜனவரி 21.

நாலு பக்கக் கடிதத்தைக் கிழித்தேன்.

ஜனவரி 25. மறை 20.

சாப்பாட்டு மேசையில் மனோகரி தட்டைத் தள்ளிவைத்தாள்.

"இஞ்சருங்கோ. இன்னும் ஆறு நாள் கிடக்கு. போய்ச் சொல்லுங்கோவன்."

"எதை?"

"அண்டைக்கு இருபத்தைஞ்சு நிமிசத்திலை முடிச்சதை."

அவள் மணிக்கூடு பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

"மூண்டு மாசமா நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான். மூண்டு தெரு. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனால் அஞ்சு நிமிசம்."

"போய் என்னெண்டு சொல்லுறது? அந்த மனுசன் எனக்குத் துவக்கைத் தந்தவர்."

"அதைத்தான் சொல்லச் சொல்லுறன்," என்றாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள்.

சப்பாத்துப் போட்டேன். இரண்டாவது தெருவரை போனேன். சீலன் வீட்டு வாசலில் அவர் பனி அள்ளிக்கொண்டிருந்தது தெரிந்தது. அரைப் பாதையை முடித்திருந்தார், விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக. இடையில் நிறுத்தினார், கையுறையைக் கழற்றினார், விரல்களை விரித்துப் பார்த்தார்.

திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 26. மறை 18.

சீலனுக்கு எழுதிவிட்டேன். ஆறு வரி.

"உங்கள் கை ஆடவில்லை. நவம்பர் 15 அன்றும் ஆடவில்லை. பழுது தோட்டாவில். சோதிக்காத மருந்தைப் போட்டு, நிறுக்காமல் செய்தது. தெரிந்தே செய்தது. பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்."

அவருடைய றைபிளில் பழைய டின்னின் மூன்று அடித்த கடதாசியையும் பெட்டியிலிருந்த மூன்று அடித்த கடதாசியையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். எது எது என்று எழுதத் தேவையில்லை. றைபிளை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை. மனோகரி கொடுக்கலாம்.

முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கட்டும் என்று. வரவில்லை. தமிழில்தான் வந்தது. இந்த நகரத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். சீலனுக்கு அது யார் என்று கண்டுபிடிக்க உறையைத் திறக்கவே தேவைப்படாது.

பரராஜசிங்கம், பீ.எஸ்ஸி. சிறப்பு, உறுப்பினர் எண் 212. கிளப்புக்கு எழுதிய கடிதத்தின் அடியில் இதைப் போட எனக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. இங்கே பேனாவை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆடியது என் கைதான்.

மூன்று தெருவுக்கு அப்பால் போக வேண்டிய கடிதம் கல்கரிக்குப் போய், தரம் பிரித்து, திரும்பி வர மூன்று நாள். முப்பதாம் திகதி கிடைக்கும். முத்திரை ஒட்டிவிட்டேன். என் பெயர் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. நாளை காலை தபாலில் போடுகிறேன்.